நீருக்கடியில் எடுத்த படங்களின் நிறத்தைத் திருத்துவது எப்படி?

முல்லைத்தீவுக் கடலில் 10 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் சிவப்பு நைலோன் கயிற்றைப் படம்பிடித்துக் கரைக்கு வந்து பார்த்தால், அது மங்கிய மண்ணிறமாகவே தெரியும். கமராவில் பழுது எதுவும் இல்லை. வெள்ளொளியில் உள்ள சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் உறிஞ்சுகிறது. ஆழத்தை மட்டும் கணக்கிட்டாலும் போதாது. ஒளி மேற்பரப்பிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து கமராவுக்கும் தண்ணீரூடாகவே வருவதால், 5 மீற்றர் ஆழத்தில் 2 மீற்றர் தள்ளி நின்று எடுத்த படத்தில் குறைந்தது 7 மீற்றர் தண்ணீரின் நிறம் ஏறியிருக்கும். ஆகவே சுழியோடும்போதே இயன்றவரை கிட்டப் போய் எடுப்பது, பிறகு கணினியில் செய்யும் எந்தத் திருத்தத்தையும் விடப் பயன்தரும்.

இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, முதலில் லேயரை (படம் இருக்கும் அடுக்கை) பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். "கலர்ஸ்" பட்டியில் "லெவல்ஸ்" என்பதைத் தெரிவு செய்து, சேனலை (படத்தின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளில் ஒன்று) "ரெட்" என மாற்றினால், சிவப்பின் அளவைக் காட்டும் ஒரு வரைபடம் தோன்றும். கடலில் எடுத்த படமானால் அதன் மேடு இடப்பக்கம் ஒடுங்கிக் கிடக்க, வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். வலது ஓர முக்கோணத்தை அந்த மேடு முடியும் இடம்வரை மெல்ல இடப்பக்கம் இழுத்தால், கயிற்றில் சிவப்பு ஊறி வருவதைக் காணலாம். அதற்கு மேலும் இழுத்தால் நிழற்பகுதிகளில் செம்புள்ளிகள் கிளம்பும்.

சிவப்பு ஏறக்குறைய இல்லாத படத்தில் இந்த முறை பலிக்காது. அப்போது "கலர்ஸ்" பட்டியிலேயே "கம்போனன்ட்ஸ்" பகுதியிலுள்ள "சேனல் மிக்ஸர்" மூலம், சிவப்புச் சேனலுக்குள் பச்சையை 0.3 அளவில் கலந்து பாருங்கள். இழந்த சிவப்பு இதனால் மீண்டுவிடாது. பச்சையிடம் கடன் வாங்கி அந்த இடத்தை நிரப்புகிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, லெவல்ஸில் சாம்பல் புள்ளிக்கான சொட்டுக்குழாயை எடுத்து, நிறச்சாயல் அற்ற ஒரு பொருளின்மேல் சொடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மணலைச் சொடுக்குகிறார்கள். மணல் எல்லாம் வெண்மணல் அல்ல. கொக்கிளாய்ப் பக்கத்தில் இல்மனைட் என்ற கரிய கனிமம் கலந்த கருமணலே உண்டு. கடலிலிருந்து எடுத்த சங்கும் உதவாது, அதன்மேல் பழுப்புத் தோல் மூடியிருக்கும். சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் துண்டொன்றைக் கையோடு கொண்டுபோய் ஒரு படத்தில் வைத்து எடுப்பதே என் வழக்கம்.

முத்தையன்கட்டு போன்ற குளங்களில் நிலைமை வேறு. பாசியும் இலைதழைகளின் சாயமும் நீலத்தையும் விழுங்கிவிடுவதால், சிவப்பை மட்டும் கூட்டினால் படம் மஞ்சளாகிவிடும்; அங்கே "கிரீன்" சேனலின் நடு முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்திப் பச்சையைக் குறைப்பதே சரி. வாடைக்காற்றில் கலங்கிய கடலில் எடுத்த படத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மிதக்கும் துகள்கள் சிதறடித்த ஒளியை எந்தச் சேனலாலும் சீராக்க முடியாது.

இத்தனையும் செய்தபின் பின்புலத் தண்ணீர் ஊதா நிறமாக மாறியிருக்கலாம். பிரதி லேயருக்கு வெள்ளை மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மறைப்பு) ஒன்றைச் சேர்த்து, அந்தத் தண்ணீர்ப் பகுதியை மட்டும் கறுப்புத் தூரிகையால் மென்மையாகத் தடவினால், கீழிருக்கும் மூலப்படத்தின் நீலம் அங்கே தெரியும்.