அசெண்டன்சி: ‘கை ஓங்கியது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

ஆங்கில நாளேடுகளின் தலையங்கத்திலும் விளையாட்டுப் பக்கத்திலும் ‘அசெண்டன்சி’ (ascendancy) என்ற சொல் தலைகாட்டும். அகராதி ‘ஆதிக்கம்’ என்று சொல்லி ஒதுங்கிவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப் புகுந்தால் வாக்கியம் இடறும்.

படி 1: உச்சரிப்பு. ‘செண்’ என்ற இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 2: வேர். ‘ஏறுதல்’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. ஐரோப்பிய ஜோதிடர்கள், ஒருவர் பிறக்கும் நேரத்தில் கீழ்வானில் எழும் ராசியை அசெண்டன்ட் என்றார்கள். நம் ஜாதகக் கட்டத்தில் ‘ல’ என்று குறிக்கும் லக்னமேதான்! அந்த ராசிக்குத் தனி வலிமை உண்டு என்ற நம்பிக்கையிலிருந்து ‘மேலோங்கிய செல்வாக்கு’ என்ற பொருள் கிளைத்தது. ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். சொல்லுக்குள் இருக்கும் ஏறுமுகம் இங்கேதான் பிடிபடும்.

படி 3: பொருத்திப் பார்த்தல். தமிழ் வாக்கியத்தில் ‘கை ஓங்கியது’ என்று எழுத முடிகிறதா? அப்படியானால் அசெண்டன்சி பெரும்பாலும் பொருந்தும். அடக்கி ஒடுக்கும் வாடை அடித்தால் ‘டாமினேஷன்’ என்று எழுதுங்கள்.

படி 4: துணைச்சொற்கள். முன்னால் ‘கெய்ன்’ என்ற வினை. யார்மீது என்று காட்டப் பின்னால் ‘ஓவர்’. 2001 கொல்கத்தா டெஸ்டை எடுத்துக்கொள்வோம். முதல் இன்னிங்ஸில் வெகுவாகப் பின்தங்கி, உடனே மறுபடி ஆட வேண்டிய ‘ஃபாலோ ஆன்’ பெற்ற இந்தியாவுக்காக லட்சுமணும் திராவிடும் நான்காம் நாள் முழுக்க ஆட்டமிழக்காமல் நின்றார்கள். அன்று ‘இந்தியா கெய்ன்ட் அசெண்டன்சி ஓவர் ஆஸ்திரேலியா’ என்று தாராளமாக எழுதலாம். முதல் நாளிலிருந்தே இந்தியாவின் கை ஓங்கியிருந்ததாக எழுதினால் கிரிக்கெட் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

படி 5: விதிவிலக்கு. அயர்லாந்து வரலாற்றில் இச்சொல் ஏறுமுகத்தைக் குறிப்பதில்லை. ஏறி அமர்ந்துவிட்டவர்களையே குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நிலமும் நாடாளுமன்றமும் சிறுபான்மைப் புராட்டஸ்டண்ட் மேட்டுக்குடியினர் கையில் இருந்தன. பெரும்பான்மைக் கத்தோலிக்கர்கள் 1728இல் வாக்குரிமையை இழந்து, 1793இல்தான் திரும்பப் பெற்றார்கள். அந்த அமைப்பின் பெயரே ‘புராட்டஸ்டண்ட் அசெண்டன்சி’. இந்தப் பொருளில் எழுதும்போது இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுங்கள்.