சேற்றைக் கழுவும் முன் ஒரு போட்டோ

ஊத்தங்கரையில் வீடுகளுக்கு பிளானும் எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுப்பது என் தொழில். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் இங்கே 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய பிறகுதான், "மேடம், வீட்டுக்கும் இன்சூரன்ஸ் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற வீட்டு பாலிசியைக் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளம், புயல், நிலநடுக்கம், காட்டுத்தீ எல்லாம் அடங்கும். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஆகும்.

எவ்வளவுக்கு இன்சூரன்ஸ் என்று தொகை எழுதும்போது மனை விலையைச் சேர்க்காதீர்கள். திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால், 1,000 சதுர அடிக்கு 20 லட்சம். சாமான்களையும் சேர்த்து எடுத்தால், பட்டியல் கொடுக்காமலே வீட்டுக்கு எழுதிய தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை கிடைக்கும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கத்துக்கும் வண்டிக்கும் இதில் கிடையாது.

"பேங்க் லோனிலேயே போட்டுவிட்டார்களே" என்பார்கள். பாலிசியை வாங்கிப் பார்த்தால் பல சமயம் அது ஆயுள் காப்பீடாக இருக்கும், வீட்டுக்கானதாக இருக்காது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் விளக்குமாற்றைத்தான் எடுக்கிறார்கள். முதலில் செல்போனை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, ஒவ்வொரு அறை, ஃபிரிட்ஜின் பின்பக்க மாடல் நம்பர் என எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். இழப்பீடு கேட்கும் கிளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை ஊறிப்போன மெத்தையைக்கூட எறிய வேண்டாம். ஆனால் சேதம் கூடாமல் இருக்க தார்ப்பாய் போடலாம், மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கலாம், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் திறந்து கிடந்த வீட்டில் 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் அதையும் கேட்கலாம். போலீஸ் புகார் முக்கியம்.

'ரிப்பேர் மொத்தம் 3 லட்சம்' என்று ஒற்றை வரியில் எஸ்டிமேட் கொடுத்தால் சர்வேயர் தாராளமாக வெட்டுவார். பூச்சு வேலை, தரை, ஒயரிங், கதவு என்று அறைவாரியாக, அளவோடும் ரேட்டோடும் பிரித்து எழுத வேண்டும். இடிபாடு அகற்ற கிளெய்மில் 2 சதவீதம் வரையிலும், இன்ஜினியர் கட்டணம் 5 சதவீதம் வரையிலும் கிடைக்கும். என் பீஸையும் சேர்த்தே கேளுங்கள், வெட்கம் எதற்கு? வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு.

மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.