அச்சுறுத்தலை எடைபோட்டு பாதுகாப்புக் கொள்கை வகுப்பது எப்படி?

கொள்கை வரைவின் முதல் பக்கத்தில் எதிரியின் பெயரை எழுதாதீர்கள். எதைக் காக்கப் போகிறோம் என்பதை எழுதுங்கள். எதிரியிலிருந்து தொடங்கும் வரைவு, அவர் எதை வாங்கினாலும் நாமும் வாங்குவது என்று போய் முடியும். கருவூலம் கரையும், காக்க வேண்டியது காவலில்லாமல் கிடக்கும்.

ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் நிலம், மக்கள், சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை. இரண்டாவதில் இவை இயங்கத் தேவையானவை: கடல்வழி, எரிபொருள், தானியம், மின்கட்டமைப்பு, கடலடிக் கேபிள்கள். மூன்றாவதில் கௌரவம், செல்வாக்கு, அண்டை நாட்டில் நமக்கு உகந்த ஆட்சி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதற்காகப் போரிடுவோமா, பணம் மட்டும் செலவிடுவோமா, கண்டன அறிக்கையோடு நிற்போமா என்று எழுத வேண்டும். எல்லா வரியிலும் "போரிடுவோம்" என்று வந்திருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி உட்காருங்கள். இந்த வேலைக்கு நாள்கணக்கில் விவாதம் நடக்கும். நடக்கட்டும். இங்கே மிச்சப்படுத்திய நேரத்துக்குப் பின்னால் படைவீரர்கள் விலை கொடுக்க நேரும்.

வலிமை வேறு, எண்ணம் வேறு

அடுத்தது அச்சுறுத்தலை அளப்பது. எதிர்த்தரப்பின் வலிமையையும் எண்ணத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால், "அவர்களிடம் இருக்கிறது, ஆகவே அடிப்பார்கள்" என்றோ, "அடிக்க மாட்டார்கள், ஆகவே இருப்பதைப் பற்றிக் கவலையில்லை" என்றோ தவறான முடிவு வந்துவிடும்.

வலிமையை எண்ணும்போது டாங்கிகளையும் விமானங்களையும் மட்டும் எண்ணிப் பயனில்லை. போர்ப்பயிற்சிக்கும் டாங்கிகள் வரும். வெறும் பயிற்சிக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவற்றைத் தேடுங்கள்: களமருத்துவமனை, ரத்த இருப்பு, எரிபொருள் குழாய், ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாலம், போருக்கான நிஜக் குண்டுகளின் கிடங்கு. 2022 ஜனவரி இறுதியில் உக்ரைன் எல்லையருகே ரஷ்யா ரத்த இருப்பைக் கொண்டுவந்திருக்கிறது என்று வந்த செய்தி, அதுவரை சந்தேகித்த பலரை யோசிக்க வைத்தது.

எண்ணத்தை அறிவது கடினம். பேச்சு, சட்டத் திருத்தம், உள்நாட்டு நெருக்கடி, அவர்கள் தங்கள் குடிமக்களை எங்கிருந்து வெளியேற்றுகிறார்கள் என்பதெல்லாம் தடயங்கள். ஆனால் தடயம் கிடைப்பது வேறு, அதை நம்புவது வேறு. 1973இல் இஸ்ரேலிய ராணுவ உளவுத்துறையிடம் தடயங்களுக்குப் பஞ்சமில்லை. தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்களும் ஸ்கட் ஏவுகணைகளும் கைக்கு வராமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது என்ற கருத்தில் அது ஊன்றி நின்றது. அக்டோபர் தொடக்கத்தில் எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக விமானமேற்றப்பட்டது தெரிந்த பிறகும் அந்தக் கருத்து அசையவில்லை. 6ஆம் தேதி பிற்பகலில் எகிப்தும் சிரியாவும் தாக்க, போர் வெடித்தது.

இதிலிருந்து பிறந்த நடைமுறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, மதிப்பீடு ஒரே அலுவலகத்திலிருந்து வரக் கூடாது. ராணுவ உளவு, வெளியுறவு அமைச்சகம், சிவில் உளவு ஆகியவை தனித்தனியே எழுத வேண்டும். இரண்டு, பொதுக்கருத்துக்கு நேரெதிரான வாதத்தை எழுதவென்றே ஆளை நியமியுங்கள். அவர் எழுதுவது மேலதிகாரிகளின் வடிகட்டலைத் தாண்டி நேரே தலைமைக்குப் போக வேண்டும். மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: ஒவ்வொரு மதிப்பீட்டின் கடைசியிலும் "இவை நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்" என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதத் தயங்குபவரின் மதிப்பீட்டை நம்பி ஒரு படைப்பிரிவைக்கூட நகர்த்தாதீர்கள்.

மிகையாக மதிப்பிடுவதும் நடக்கும். 1960 வாக்கில் சோவியத் ஒன்றியம் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளில் தங்களை முந்திவிட்டதாக அமெரிக்காவில் பரவலாக நம்பப்பட்டது. 1961இல் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தபோது சோவியத் ஏவுகணைகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன.

காலக்கணக்கு

பெரும்பாலான வரைவுகள் தடுமாறுவது இங்கேதான். எதிர்த்தரப்பின் எண்ணம் ஓர் இரவில் மாறும். நம் வலிமை மாற ஆண்டுகள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தை எதை வைத்து நிரப்புவது என்பதே பாதுகாப்புக் கொள்கையையும் வெளியுறவுக் கொள்கையையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம்.

ஒரு காலக்கோடு வரையுங்கள். அறிக்கை வெளியிட ஒரு நாள். தூதரைத் திரும்ப அழைக்க ஒரு நாள். ரிசர்வ் படையை அழைக்கச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள். கூட்டணி ஒப்பந்தத்துக்கு எல்லா நாடாளுமன்றங்களின் ஒப்புதலும் கிடைக்க ஓராண்டோ அதற்கு மேலோ. குண்டுத் தொழிற்சாலையில் புதிய உற்பத்தி வரிசைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள். போர் விமானம் தேர்வு செய்யப்பட்டு, வாங்கி, படையணி தயாராக ஏழெட்டு ஆண்டுகளாவது. நீர்மூழ்கிக்குப் பத்துக்கு மேல். ஒரு பட்டாலியனை வழிநடத்தும் அதிகாரி உருவாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைச் சுருக்க முடியாது.

பின்லாந்தை உற்றுப் பாருங்கள். ரஷ்யாவுடன் ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் எல்லை. பனிப்போர் முடிந்த பிறகு ஐரோப்பாவில் நாடு நாடாகக் கட்டாய ராணுவச் சேவையைக் கைவிட்டபோது பின்லாந்து விடவில்லை. போர்க்காலத்தில் 2,80,000 பேரைத் திரட்டும் திட்டமும், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பதுங்குமிடங்களும் அதனிடம் இருந்தன. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அடங்கிய நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேராமலே நேட்டோ தரத்துக்கு ஒத்த தளவாடங்களை வாங்கியது. தேவைப்பட்டால் சேருவோம் என்ற வாசகத்தை அரசு ஆவணங்களில் தொடர்ந்து வைத்திருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மே 18இல் பின்லாந்து விண்ணப்பித்தது, 2023 ஏப்ரல் 4இல் உறுப்பினரானது.

விண்ணப்பத்துக்கும் உறுப்பினர் ஆவதற்கும் இடைப்பட்ட மாதங்கள்தான் ஆபத்தானவை. கூட்டணியின் பாதுகாப்பு இன்னும் கிடைக்கவில்லை, எதிர்த்தரப்பின் கோபம் கிடைத்துவிட்டது. அதனால் விண்ணப்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பே, மே 11இல், பிரிட்டனோடு பரஸ்பர உதவிப் பிரகடனம் கையெழுத்தானது. இந்த ஒரு வார வரிசைமுறையை மனதில் வையுங்கள்: முதலில் குடை, பிறகு மழைக்குள் இறங்குவது.

சுவீடனும் அதே நாளில்தான் பின்லாந்தோடு விண்ணப்பித்தது. ஆனால் துருக்கியும் ஹங்கேரியும் ஒப்புதலைத் தாமதப்படுத்தியதால் 2024 மார்ச் 7 வரை காத்திருந்தது. பால்டிக் கடலின் நடுவிலுள்ள காட்லாந்து தீவின் படைப்பிரிவை 2005இல் கலைத்து, 2018இல் மறுபடி நிறுவ வேண்டியிருந்ததும் சுவீடனுக்குத்தான். கலைக்க ஒரு உத்தரவு போதும். திரும்பக் கட்ட ஆள், குடியிருப்பு, பயிற்சித்தளம் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும். ஆகவே செலவைக் குறைக்க நேர்ந்தால் ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள், தளவாடத்தைக் கிடங்கில் போடுங்கள். திறமையை அடியோடு அழித்துவிடாதீர்கள்.

கையிருப்பும் காலக்கணக்கில்தான் வரும். 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் பன்னிரண்டு மாதங்களில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகளை உக்ரைனுக்குத் தருவதாக வாக்களித்தது. கெடு முடிந்தபோது தர முடிந்தது பாதி அளவே. பணமும் மனமும் இருந்தன, உற்பத்தி வரிசைகள்தான் இல்லை. வரைவில் "போதிய வெடிமருந்து" என்று எழுதாதீர்கள். தீவிரப் போரில் எத்தனை நாட்களுக்கு என்று எழுதுங்கள்.

தனியாகவா, கூட்டாகவா?

வழிகள் நான்கைந்துதான். சொந்த வலிமையைப் பெருக்குவது, கூட்டணி சேர்வது, நடுநிலை, எல்லோரோடும் சமதூரம் பேணி நெளிந்து கொடுப்பது, சில கோரிக்கைகளை ஏற்றுச் சமரசமாவது. பெரும்பாலான நாடுகள் இவற்றைக் கலந்தே செய்கின்றன. வியட்நாம் 2019 வெள்ளையறிக்கையில் நான்கு "இல்லை"களைப் பிரகடனம் செய்தது: ராணுவக் கூட்டணி இல்லை, ஒரு நாட்டுக்கு எதிராக இன்னொன்றோடு சேர்வதில்லை, அந்நியத் தளம் இல்லை, பலப்பிரயோகமோ மிரட்டலோ இல்லை. கூடவே, சூழ்நிலையைப் பொறுத்துப் பிற நாடுகளோடு பாதுகாப்பு உறவை வளர்க்கும் கதவையும் திறந்தே வைத்தது.

கூட்டணி என்றால் ஒப்பந்தத்தின் வினைச்சொல்லைப் படியுங்கள். நேட்டோவின் 5ஆம் பிரிவைப் பலர் "ஒருவரைத் தாக்கினால் எல்லோரும் போருக்கு வருவார்கள்" என்று புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும். ஆனால் ஒவ்வொரு நாடும் தான் அவசியமெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும், ஆயுதப் பிரயோகம் அதில் அடங்கலாம். உரை சொல்வது இவ்வளவே. 1971 ஆகஸ்ட் 9இல் கையெழுத்தான இந்திய–சோவியத் ஒப்பந்தம், தாக்குதலோ அச்சுறுத்தலோ வந்தால் உடனடியாகக் கலந்தாலோசிப்போம் என்றது. 1994இல் அணு ஆயுதங்களைக் கைவிட்ட உக்ரைனுக்கு புடாபெஸ்டில் கிடைத்தது எல்லைகளை மதிப்போம் என்ற உறுதிமொழி. படை அனுப்பும் உத்தரவாதம் அதில் இல்லை. வித்தியாசம் 2014இல் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைக் கைப்பற்றியபோது தெரிந்தது.

உரை பலவீனமாக இருந்தாலும் அதைக் கெட்டியாக்கும் வழிகள் உண்டு: நேசநாட்டுப் படை நம் மண்ணில் நிற்பது, கூட்டுக் கட்டளைத் தலைமையகம், முன்கூட்டியே கொண்டுவந்து வைத்த தளவாடம், ஆண்டுதோறும் கூட்டுப்பயிற்சி. இவை எதுவும் இல்லாத கூட்டணியை காகிதக் கணக்கில் மட்டும் சேருங்கள்.

பொருளாதாரச் சார்பும் இதே தாளில் வர வேண்டும். 2010இல் கடல் எல்லைத் தகராறின்போது மின்னணுப் பொருட்களுக்குத் தேவையான அரிய மண் தனிமங்களின் வரத்து சீனாவிலிருந்து தடைப்பட்டது ஜப்பானை உலுக்கியது. ஜப்பான் ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனத்தில் முதலீடு செய்தது, கையிருப்பு வைத்தது, மறுசுழற்சிக்குப் பணம் ஒதுக்கியது. ஏறத்தாழ 90 சதவீதமாக இருந்த சார்பு பத்தாண்டுகளில் 60 சதவீத அளவுக்கு இறங்கியது. இன்னும் அறுந்துவிடவில்லை.

பணம்

உள்நாட்டு உற்பத்தியில் இத்தனை சதவீதம் என்ற எண் மேடைக்கு உதவும், திட்டமிட உதவாது. சம்பளமும் ஓய்வூதியமும் எவ்வளவு, பராமரிப்பும் பயிற்சியும் எவ்வளவு, புதிய தளவாடம் எவ்வளவு என்று உடைத்துப் பாருங்கள். நேட்டோவும் 2014இல் இரண்டு சதவீத இலக்கோடு, அதில் ஐந்தில் ஒரு பங்காவது முக்கியத் தளவாடங்களுக்கும் அவை சார்ந்த ஆய்வுக்கும் போக வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. பெரும்பாலான பெரிய ஆயுதங்களுக்கு வாங்கும் விலையைவிட வாழ்நாள் பராமரிப்பு கூடுதலாக வரும். அதை எழுதாத கொள்முதல் குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள். வெளிநாட்டில் வாங்கினால் நாணய மதிப்பும் முக்கியம். 2022 டிசம்பரில் ஜப்பான் ஐந்தாண்டுகளுக்கு 43 டிரில்லியன் யென் ஒதுக்கியது. யென் சரிந்ததில் அதே பணத்துக்கு வாங்கக்கூடியது குறைந்துபோனது.

எதிர்த்தரப்பு இதை எப்படிப் படிக்கும்?

நம் தற்காப்பு அவர்களுக்குத் தாக்குதல் தயாரிப்பாகத் தெரியலாம். நம் சிக்கனம் அவர்களுக்குப் பின்வாங்கலாகத் தெரியலாம். 1981இல் பிரிட்டன், தென் அட்லாண்டிக்கிலிருந்த எண்டூரன்ஸ் என்ற ரோந்துக் கப்பலை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. லண்டனுக்கு அது வரவுசெலவு விவகாரம். அர்ஜென்டினத் தலைநகர் புவனோஸ் ஐரிஸில், தாங்கள் உரிமை கோரிவந்த பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகளை விட்டுப் போகத் தயார் என்று அதைப் படித்தார்கள். 1982 ஏப்ரல் 2இல் அர்ஜென்டினப் படை தீவில் இறங்கியது. எந்த அறிவிப்பையும் வெளியிடுமுன் ஒருவரை எதிர்த்தரப்பின் நாற்காலியில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நெருக்கடியில் சொல்லும் நேரமும் ஆயுதம் போலவே வேலை செய்யும். 1962 அக்டோபர் 14இல் அமெரிக்க உளவு விமானமான யு-2, சோவியத் ஒன்றியம் கியூபாவில் நிறுவிவந்த ஏவுகணைகளைப் படமெடுத்தது; படங்கள் 16ஆம் தேதி காலை அதிபர் கென்னடியிடம் காட்டப்பட்டன. 22ஆம் தேதி மாலை வரை செய்தியை வெளியே விடவில்லை. தொடக்கத்தில் வான்தாக்குதலை நோக்கிச் சாய்ந்த ஆலோசகர்கள் மாற்றி யோசிக்க அந்த ஆறு நாட்கள் இடம் தந்தன. கியூபாவுக்குப் போகும் கப்பல்களைத் தடுப்பது என்று முடிவானது; முற்றுகை என்பது சட்டப்படி போர்ச்செயல் என்பதால் "தனிமைப்படுத்தல்" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். சோவியத் தலைவர் குருஷ்சேவ் இறங்கிவரவும் ஒரு படி வைத்தார்கள்: துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகள் பின்னர் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன. அந்த நாட்களில் கடிதங்கள் வந்துசேரவும் மொழிபெயர்க்கவும் மணிக்கணக்கில் ஆன அனுபவத்தால்தான் 1963 ஜூனில் மாஸ்கோ–வாஷிங்டன் நேரடித் தொடர்புக்கான ஹாட்லைன் ஒப்பந்தம் வந்தது. அது தொலைபேசி இல்லை, எழுத்தில் செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர். பதற்றத்தில் காதில் விழும் சொல்லைவிட எழுத்து நிதானமானது.

இத்தகைய இணைப்புகளை அமைதிக் காலத்திலேயே போட்டுவையுங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 ஒப்பந்தப்படி தங்கள் அணுநிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பரிமாறிக்கொள்கின்றன. உறவு அடியோடு கெட்டிருந்த ஆண்டுகளிலும் அது நிற்கவில்லை.

வரைவு முடிந்ததும் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு நாள் மேசைப் பயிற்சி வையுங்கள்: ஒரு கற்பனை நெருக்கடியை மேசையைச் சுற்றி அமர்ந்து சமாளித்துப் பார்ப்பது. நிதி, உள்துறை, மின்துறை, துறைமுக அதிகாரிகளும் உட்கார வேண்டும். பயிற்சி நடத்துபவர் மூன்று இடையூறுகளைத் தர வேண்டும்: நேசநாடு வரத் தாமதிக்கிறது, தலைநகரில் மின்சாரம் இல்லை, உளவு அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. யார் உத்தரவிடுவது என்று தெரியாமல் அறை மௌனமாகும் ஒவ்வொரு தருணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் வரைவில் ஒரு பதவியின் பெயரையும், அவர் எத்தனை மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் எழுதிச் சேருங்கள். பிறகு, மதிப்பீட்டின் கடைசியில் எழுதிய "கருத்தை மாற்றிக்கொள்வேன்" பட்டியலை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு அறிகுறியையும் கண்காணிக்கும் பொறுப்பை ஓர் அலுவலகத்திடம் ஒப்படையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எதுவும் நடக்காவிட்டாலும், அந்த அலுவலகம் எழுத்தில் பதில் தர வேண்டும்.