புரதப் படிக மாதிரியின் வடிவியல் எண்கள்: அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதப் படிகத்தின் எக்ஸ்-கதிர் தரவிலிருந்து கட்டிய அணு மாதிரியில், பிணைப்பு நீளங்களின் சராசரி வர்க்கமூல விலகல் (இலக்கு நீளங்களிலிருந்து அவை விலகும் அளவு) 0.005 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதிவிட்டு, மாதிரி சரியானது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. எங், ஹூபர் இருவரும் 1991-இல் தொகுத்தளித்தவை போன்ற இலக்கு மதிப்புகளோடு செம்மையாக்க மென்பொருள் (மாதிரியைத் தரவுக்குப் பொருந்துமாறு திருத்தும் நிரல்) அணுக்களை எவ்வளவு இறுக்கிப் பிடித்தது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது; கட்டுப்பாட்டின் எடையைக் கூட்டினால், சங்கிலியின் ஒரு பகுதியைத் தவறாகக் கட்டியிருந்தாலும் அது சிறுத்துவிடும்.

ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் அளித்த ஃபை-சை வரைபடம் (புரதச் சங்கிலியின் முதுகெலும்பிலுள்ள இரு சுழற்சிக் கோணங்களைக் காட்டுவது) இன்றும் நம்பத்தக்க சோதனையாக நிற்பதற்குக் காரணம், அக்கோணங்களை வழக்கமான செம்மையாக்கம் இலக்காக வைப்பதில்லை என்பதே. பிரிதிறன் குறைந்த தரவில் அவற்றையே கட்டுப்பாடாக்கினால் வரைபடம் சோதனை என்ற தகுதியை இழக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தியதை அதே அட்டவணையில் சொல்லிவிடுவதுதான் நேர்மை. மேலும், இந்த வரைபடத்தைச் சோதிக்கும் மென்பொருள்களில் ப்ரோசெக் காட்டும் 'மிக உகந்த பகுதி' வேறு, மோல்ப்ராபிட்டி காட்டும் 'உகந்த பகுதி' வேறு. நல்ல மாதிரிக்கு முன்னதில் 90 விழுக்காட்டுக்கு மேலும், பின்னதில் சுமார் 98 விழுக்காடும் எதிர்பார்க்கப்படுவதால், கருவியின் பெயரில்லாத விழுக்காடு வாசகரைத் திசைதிருப்பும்.

விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வதும் தவறே. 250 எச்சங்கள் (சங்கிலியின் அமினோ அமில அலகுகள்) உள்ள மாதிரியில், வரைபடத்தின் அனுமதிக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே 0.4 விழுக்காடு விலகல் என்பது ஒரே ஓர் எச்சம். அதன் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதுவதற்கு ஒரு வரி போதும். அவ்விடத்து எலக்ட்ரான் அடர்த்தி தெளிவாக இருந்து, முதுகெலும்பின் கார்போனைல் ஆக்சிஜன் அதற்குள் சரியாகப் பொருந்தி, ஹைட்ரஜன் பிணைப்புகளும் தாங்கி நின்றால், அந்த விலகல் புரதத்தில் உள்ள உண்மையான இறுக்கமாகவே இருக்கலாம், குறிப்பாக வினைமையத்தில். ஆனால் அடர்த்தி மங்கிய சங்கிலி வளைவு (லூப்) ஒன்றில் அது நேர்ந்திருந்தால், பெப்டைடு தளம் 180 பாகை புரண்டு கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு முன் இல்லாத சிஸ் பெப்டைடுக்கும் (இரு பக்கத்து ஆல்பா கார்பன்களும் ஒரே பக்கம் அமைந்த பெப்டைடு பிணைப்பு) இதே கவனம் வேண்டும். அது மிக அரிதானது.

மோதல் மதிப்பெண், 0.4 ஆங்ஸ்ட்ராம் அல்லது அதற்கு மேல் ஒன்றையொன்று ஊடுருவும் அணு இணைகளை ஆயிரம் அணுக்களுக்கு இத்தனை என்று கணக்கிடுவது. ஹைட்ரஜன்களைச் சேர்த்த பின்பே அதற்குப் பொருளுண்டு.

கடைசியாக ஒரு நீர் மூலக்கூறை நகர்த்தியிருந்தாலும், அதற்கு முந்தைய சுற்றின் எண்களை அட்டவணையில் விட்டுவைக்காமல், புரதத் தரவு வங்கியில் சேர்க்கும் அதே கோப்பில் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு எழுதுங்கள்.