பசங்க காயின் கேட்டால்: சம்பளம் போடுமுன் பார்க்க வேண்டியவை

கும்பகோணத்தில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பாத்திரக்கடை, சீவல் கம்பெனி, அரிசி ஆலை என்று எல்லாம் பழைய வாடிக்கையாளர்கள். போன மாதம் வெப்சைட் செய்துதரும் ஒரு தம்பி வந்தார். "அக்கா, நாலு பசங்களுக்கும் சம்பளத்தை யுஎஸ்டிடியாப் போட்டுடலாமா? அவங்களே கேக்குறாங்க." யுஎஸ்டிடி என்பது டாலர் மதிப்பை ஒட்டி நிற்கிற ஒரு கிரிப்டோ காயின்.

நீங்கள் சம்பளச் சீட்டு கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிற ஆளா என்று முதலில் பாருங்கள். ஆமாம் என்றால் ரூபாய்தான். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு நாணயம், நோட்டு, காசோலை, வங்கி வரவு, மின்னணு முறை என்று வழிகளை எண்ணிச் சொல்லிவிட்டது. "காயினை வைக்கிற டிஜிட்டல் வாலட்டும் மின்னணுதானே?" என்றார் தம்பி. அனுப்புகிற வழி மின்னணுவாக இருக்கலாம், போய்ச் சேருவது பணமாக இருக்கணுமே! வருமான வரிச் சட்டம் காயினை 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்கிறது. இந்தியப் பணமும் இல்லை, வெளிநாட்டுப் பணமும் இல்லை என்று அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. வைத்திருப்பது குற்றமில்லை. காயின் வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாதென்று ரிசர்வ் வங்கி 2018-இல் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கூலி கொடுக்க முடியாது.

எங்கள் அப்பாயி நடவுக்குப் போய் நெல்லாகத்தான் கூலி வாங்கினாள். மரக்கால் பண்ணை வீட்டுடையது, அளக்கிற கையும் அவர்களுடையது. 1948-ஆம் வருஷக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட, வழக்கம் இருக்கிற இடத்தில் அரசு அனுமதித்தால் மட்டுமே பொருளாகக் கொடுக்க விட்டது. காயினுக்கு அப்படி என்ன வழக்கம் இருக்கிறது?

செய்ய வேண்டியது இதுதான். சம்பளத்தை ரூபாயில் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். பிஎஃப், டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) எல்லாம் அந்த ரூபாயின் மேல். காயின் வேண்டுமென்கிற பையன் தன் பணத்தில், மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்சில், அதாவது காயின் வாங்கி விற்கும் தளத்தில், வாங்கிக்கொள்ளட்டும். 40,000-க்கு வாங்கி 50,000-க்கு விற்றால், லாபம் 10,000-க்கு 30 சதவீத வரி 3,000, செஸ் 120. விற்கும்போதே ஒரு சதவீதம், அதாவது 500 ரூபாய், டிடிஎஸ்ஸாகப் பிடிப்பார்கள். கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். 28,000-க்கு இறங்கி விற்றாலோ 12,000 நஷ்டம் அவன் தலையில். சம்பளத்தில் கழிக்க முடியாது, வேறு காயின் லாபத்திலும் கழிக்க முடியாது. இதைப் பேப்பரில் போட்டுக் காட்டியதும் நாலு பேரில் மூன்று பேர் பின்வாங்கிவிட்டார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள் கதை வேறு. அது சம்பளமில்லை, தொழில் வருமானம். டாலரில் பில் போட்டு வங்கி வழியாகவே வரவழையுங்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் காயினாக வாங்கி, முன்பின் தெரியாத ஆளிடம் பி2பி-யில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, விற்றான். அந்த ஆள் அனுப்பிய ரூபாய் யாரையோ ஏமாற்றிய பணம். சைபர் கிரைம் புகாரில் இவன் கணக்கு முடங்கி, மூன்று மாதம் அலைந்தான்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேரணும். தம்பி 6-ஆம் தேதி சாயங்காலம் வந்து, டிகிரி காபி ஆறுவதற்குள் நாலு என்இஎஃப்டி போட்டுவிட்டுப் போனார்.