கையில் தசைநாண் தைத்த பிறகு: அளவெடுப்பதில் நடக்கும் தவறுகள்

தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) தைத்து ஆறு வாரம் ஆன நோயாளியின் கேஸ் ஷீட்டில் "விரல் நன்றாக மடங்குகிறது" என்று ஒரே ஒரு வரி இருக்கும். அடுத்த முறை பார்ப்பவர் வேறொருவராக இருந்தால் அந்த வரி அவருக்கு எதற்கும் உதவாது. முன்பைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வார்? சரி, எண்ணாக எழுதிவிட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. எப்படி அளந்தது என்று தெரியாத எண் இன்னும் ஆபத்தானது. பார்க்கத் துல்லியமாக இருப்பதால் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

மணிக்கட்டிலிருந்தே தொடங்கலாம். கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பின்பக்கமாக வளையுங்கள். விரல்கள் தாமாக மடங்கும். முன்பக்கமாக மடக்குங்கள், தாமாக நீளும். விரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போவதால் வரும் விளைவு இது. அப்படியிருக்க, ஒரு வாரம் மணிக்கட்டைப் பின்னால் வளைத்தும் அடுத்த வாரம் நேராக வைத்தும் விரலின் மடக்கத்தை அளந்தால், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் குணமானதையா காட்டுகிறது, மணிக்கட்டையா என்று பிரிக்க முடியாது. ஸ்பிளின்ட் (கையை அசையாமல் தாங்கும் அணை) கழற்றும் கட்டம் வந்ததும் மணிக்கட்டை நேராக வைத்து அளப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. வேறு நிலையில் அளக்க வேண்டி வந்தால் அதைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

அடுத்தது அதிகம் குழப்பும் இடம். நோயாளி தானே மடக்கும் அளவு ஒன்று; நாம் பிடித்து மடக்கினால் போகும் அளவு இன்னொன்று. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும். நடு மூட்டை நாம் மடக்கினால் 100 டிகிரி போகிறது, நோயாளி முயன்றால் 60-தான் வருகிறது என்றால் மூட்டில் கோளாறு இல்லை. இழுவை போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் தசைநாண் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அளவுமே 60-இல் நின்றால் மூட்டே இறுகியிருக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. நேற்று வரை தானே மடங்கிய நுனி மூட்டு இன்று நோயாளி முயன்றும் அசையவில்லை, நாம் மடக்கினால் மட்டும் சுலபமாக மடங்குகிறது என்றால், தையல் விட்டிருக்கலாம். அதைக் குறித்து வைத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லும் விஷயமல்ல அது; அன்றே அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று, மடக்கும் தசைநாணைத் தைத்த முதல் வாரங்களில் "முழு அளவு வேண்டும்" என்று விரலைப் பிடித்து நேராக நிமிர்த்தக் கூடாது. அளவெடுக்கப் போய்த் தையலை அறுத்த கதையாகிவிடும்.

மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை விரலின் முதுகில் வைக்கிறீர்களா, பக்கவாட்டில் வைக்கிறீர்களா என்பதும் எண்ணை மாற்றும். வீக்கம் இருந்தால் இன்னும் அதிகமாக. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், மாற்றாதீர்கள். பயிற்சிக்கு முன் அளப்பதா பின் அளப்பதா என்பதற்கும் இதேதான். சூடு வைத்து, பயிற்சி செய்து முடித்த விரல் கூடுதலாக மடங்கத்தான் செய்யும். ஒரே ஆள் அளந்தாலும் ஐந்து டிகிரி வரை முன்னே பின்னே வருவது சகஜம். ஆகவே மூன்று டிகிரி கூடியதற்கு மகிழவும் வேண்டாம், குறைந்ததற்கு நோயாளியை மிரட்டவும் வேண்டாம்.

பார்க்கச் சிறியதாக இருந்தாலும் தொல்லை தரும் தவறு ஒன்று: மைனஸ் குறி. நடு மூட்டு முழுதாக நீளாமல் 15 டிகிரி வளைந்தே நிற்கிறது என்பதை ஒருவர் "-15" என்று எழுதுவார். அதே "-15" இன்னொருவருக்கு விரல் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைகிறது என்று பொருள்படும். "நீட்டக் குறை 15" என்று சொல்லாகவே எழுதிவிட்டால் சண்டை இல்லை.

இந்த நீட்டக் குறையைக் கழிக்க மறப்பதால் நிறைய முடிவுகள் பொய்யாகின்றன. விரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் ஸ்கேலால் அளப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. நுனி ரேகையைத் தொட்டுவிட்டது, இடைவெளி பூஜ்யம். ஆனால் அந்த விரல் 30 டிகிரி நீளாமல் நின்று, கையை ஒரு பைக்குள் விடும்போதெல்லாம் இடறிக்கொண்டிருக்கும்.

இனி, அளந்த டிகிரிகளை 'நன்று', 'சுமார்' என்று தரம் பிரிக்கும் மதிப்பெண் முறைகள். ஒரு விரலையே எடுத்துக்கொள்வோம். முஷ்டி பிடிக்கும்போது நடு மூட்டு 85 டிகிரி மடங்குகிறது, நுனி மூட்டு 35. நடு மூட்டில் நீட்டக் குறை 15. ஸ்டிரிக்லேண்ட் முறைப்படி இந்த இரண்டு மூட்டுகளின் மடக்கத்தைக் கூட்டி, நீட்டக் குறையைக் கழிக்க வேண்டும்: 105. இந்த இரண்டு மூட்டுகளின் இயல்பான மொத்தமாக வைக்கும் 175-ஆல் இதை வகுத்தால் 60 சதவீதம். 1980-இல் வந்த மூல முறையில் 50 முதல் 69 வரை 'சுமார்'. 1985-இல் திருத்திய முறையில் 50 முதல் 74 வரை 'நன்று'. விரல் அதே விரல். எந்த அட்டவணையைத் திறந்தோம் என்பதுதான் வேறு. அடி மூட்டையும் சேர்த்து மொத்த அசைவைக் கணக்கிடும் முறையில் அடி மூட்டு 85 மடங்கினால் மொத்தம் 190 வரும். 260-ஐ இயல்பாக வைத்தால் 73 சதவீதம். 75-ஐத் தாண்டாததால் அங்கேயும் 'சுமார்'தான். "எங்கள் நோயாளிகளில் இத்தனை பேருக்கு நன்று" என்று யாராவது சொன்னால், எந்த முறை, எந்த ஆண்டின் முறை என்று கேட்காமல் நம்பக் கூடாது என்பேன். டிகிரிகளைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தால் எந்த முறைக்கும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். 'நன்று' என்று மட்டும் எழுதினால் திரும்பப் போக வழியே இல்லை. பெருவிரலுக்கு இந்த 175 கணக்கு பொருந்தாது. அதற்கு மூட்டு அமைப்பே வேறு, தனியாகத்தான் பார்க்க வேண்டும். மூன்று விரல் வெட்டுப்பட்டவருக்குச் சராசரி போடுவதும் வேண்டாத வேலை. அசையவே அசையாத ஒரு விரல் அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

பிடி வலிமையைச் சீக்கிரமே அளந்து பார்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. முழு பலத்தோடு டைனமோமீட்டரை (பிடி வலிமையை அளக்கும் கருவி) அழுத்துவது தையலுக்கு நேரடிச் சோதனை. பொதுவாகப் பன்னிரண்டு வாரம் வரை அதைத் தள்ளிப்போடுவார்கள். அளக்கும்போது நோயாளி உட்கார்ந்து, தோளை உடம்போடு ஒட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, கைப்பிடியை இரண்டாவது நிலையில் வைத்து மூன்று முறை அழுத்த, அதன் சராசரியை எடுக்க வேண்டும். மறு கையோடு ஒப்பிடும்போது எது பழக்கப்பட்ட கை என்று பாருங்கள். வலது கைக்காரர்களுக்கு வலது கை சுமார் பத்து சதவீதம் பலமாக இருப்பது சாதாரணம்.

அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்தை நோயாளியிடமே கேட்டறியும் கேள்வித்தாள்களிலும் கண்ணிகள் உண்டு. தோள் முதல் கை வரைக்குமான டாஷ் (DASH) கேள்வித்தாளில் 30 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 100. கூடினால் சிரமம் கூடுதல் என்று பொருள். கைக்கென்றே உள்ள மிச்சிகன் கேள்வித்தாளில் வலிப் பகுதியைத் தவிர மற்றவற்றில் கூடினால் நல்லது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. டாஷில் 30-இல் 27-க்காவது பதில் இல்லாவிட்டால் மதிப்பெண்ணே போடக் கூடாது. அது எந்தக் கையால் செய்தீர்கள் என்றும் கேட்பதில்லை, வேலை முடிகிறதா என்றுதான் கேட்கிறது. இடது கையால் சமாளிக்கப் பழகிவிட்டவரின் மதிப்பெண் முன்னேறும்; வலது விரல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே கேள்வித்தாளையும் கோனியோமீட்டரையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. நரம்பும் வெட்டுப்பட்டிருந்தால் தொடு உணர்ச்சியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். விரல் முழுதாக மடங்கியும் சட்டைப் பொத்தான் போட முடியாமல் தவிப்பவருக்குச் சிக்கல் பல நேரம் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக, காலம். ஆறு வாரத்தில் எடுத்த அளவை முடிவாக எண்ணி ஃபைலை மூடுவது அவசரம். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட அசைவு கூடிக்கொண்டே போகும். ஆனால் அதற்குள் பலர் வருவதை நிறுத்திவிடுவார்கள். குணமானதால் வராதவர்களும் உண்டு, வெறுத்துப்போய் வராதவர்களும் உண்டு. வந்தவர்களின் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. தொலைபேசியில் டிகிரி அளக்க முடியாதுதான். கேள்வித்தாளை வாசித்துப் பதிலை வாங்கலாம். வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதலாம்.