பீரியட்ஸுக்கு முந்தைய வாரம்: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது என் வேலை. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர், பால் வரவில்லை என்று கட்டத்துக்குக் கட்டம் குறித்திருக்கும். ஒரு மாதம் அந்தக் கட்டங்களின் மூலையில் வேறு சில எழுத்துகளையும் சேர்க்க ஆரம்பித்தேன். ‘தூ’ என்றால் தூக்கம் சரியில்லை. ‘அ’ என்றால் அழுகை. ‘மோ’ என்றால் விரல் வீங்கி மோதிரம் கழற்ற வரவில்லை. ‘ச’ என்றால் சண்டை. பீரியட்ஸ் வந்த தேதிக்கு ஒரு வட்டம். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், எழுத்துகள் அத்தனையும் வட்டத்துக்கு முந்தின ஏழெட்டு நாளில் குவிந்திருந்தன. வட்டம் தாண்டி மூன்றாம் நாளிலிருந்து வெறும் பால் கணக்குதான்.

இப்படி எழுதிப் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய தவறு என்பேன். பீரியட்ஸுக்கு முந்தின நாட்களில் உடம்பையும் மனசையும் படுத்தும் இந்தத் தொந்தரவுகளுக்குப் பெயர்தான் பிஎம்எஸ். அது ரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை. கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். தேதி நெருங்கும்போது அதுவும் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சரியும். இந்த ஏற்ற இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. சிலருடைய மூளை மட்டும் அதற்கு அதிகமாக ஆட்டம் காண்கிறது. அதனால் ஹார்மோன் டெஸ்டுக்குப் பணம் கட்டினால் பெரும்பாலும் ‘நார்மல்’ என்றுதான் ரிப்போர்ட் வரும். அதைக் காட்டியே ‘உனக்கு ஒன்றும் இல்லை’ என்று வாயை அடைத்துவிடுவார்கள். மருத்துவருக்கு உண்மையில் உதவுவது, இரண்டு மூன்று மாதம் அன்றன்றைக்கே எழுதிய குறிப்பு. ஞாபகத்தில் இருந்து சொன்னால் மோசமான நாள் மட்டும்தான் நினைவுக்கு வரும்.

எல்லாவற்றையும் பீரியட்ஸ் தலையில் கட்டுவது இதற்கு நேர் எதிரான தவறு. பிஎம்எஸ் என்றால் பீரியட்ஸ் முடிந்த பிறகு ஒரு வாரமாவது உடம்பும் மனசும் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவான வாரமே இல்லை, மாதம் முழுக்க அசதி, மாதம் முழுக்க சோர்வு என்றால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலியும் ஆஸ்துமாவும்கூட அந்த நாட்களில் சிலருக்குக் கூடும். அதற்குத் தனியாக மருத்துவம் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண் நியாயமாகக் கோபப்படும்போது ‘என்ன, நாள் வந்துடுச்சா?’ என்று கேட்காதீர்கள். அவள் சொன்ன விஷயம் அந்த ஒரு கேள்வியில் காணாமல் போய்விடுகிறது.

சாப்பாட்டில் செய்யும் தவறு நமக்கே தெரிந்ததுதான். அந்த வாரத்தில் நாக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பைத் தேடும். உப்பு வயிற்று உப்புசத்தையும் வீக்கத்தையும் கூட்டும். தூக்கம் கெட்டதற்கு நாலாவது காபி போட்டால் அன்றைய இரவும் போச்சு.

சத்து மாத்திரைகளில் ஓரளவு ஆதாரம் இருப்பது கால்சியத்துக்கு. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் 1,200 மில்லிகிராம் எடுத்த பெண்களுக்கு மூன்றாவது மாதச் சுழற்சியில் தொந்தரவுகள் 48 சதவீதம் குறைந்தன. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே 30 சதவீதம் குறைந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பலன் உண்டு, அற்புதம் இல்லை. ஒரே வாரத்தில் விட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்வதும், இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதும் பலர் செய்வது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. 100 கிராம் கேழ்வரகிலேயே ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, கூழிலிருந்தே தொடங்கலாம். பி6 வைட்டமின் மாத்திரையை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள்; அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் நரம்பு பாதித்துக் கை கால் மரத்துப்போகும்.

கல்யாணம், கோயில் விசேஷம் என்று தேதியைத் தள்ளிப்போட மெடிக்கலில் தாமாகவே மாத்திரை வாங்குகிறார்களே, அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் இருப்பது புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. ஏற்கெனவே பிஎம்எஸ் படுத்துகிறவர்களுக்கு அந்த உப்புசமும் எரிச்சலும் அதனாலேயே கூடலாம். ரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. மாதாமாதம் அந்த வாரத்தில் ‘செத்துப்போய்விடலாமா’ என்று தோன்றுவதை, பீரியட்ஸ் வந்ததும் சரியாகிவிடுகிறது என்பதற்காகவே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இது பிஎம்டிடி என்ற கடுமையான வகையாக இருக்கலாம். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தைச் சரிசெய்யும் மாத்திரைகள் இதற்குப் பலருக்குச் சில நாட்களிலேயே கேட்கும். தினமும் எடுக்கலாம், அல்லது மருத்துவர் சொன்னால் பீரியட்ஸுக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் எடுத்தால் போதும். மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். நடு ராத்திரியில் அந்த எண்ணம் வந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள், அரசின் டெலி மனஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம். மறுநாள் மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாள்களை, பால் கணக்கோடு சேர்த்தே, கையோடு எடுத்துப் போங்கள்.